உஷார்! உங்கள் பிள்ளை அதை அப்படியே நம்புகிறது

பீர்க்கன்கரணை, பெருங்களத்தூர், முடிச்சூர் பக்கத்து அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுக்களில் இருப்பவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். தண்ணி லாரி, லிஃப்ட் ரிப்பேர், மெயின்டனன்ஸ் பாக்கி இவற்றுக்கு நடுவே ஒரு வீடியோ வந்திருக்கும். வரவில்லை என்றால் சீக்கிரம் வரும். முட்டைத் தலை, இரண்டு வட்டக் கண், முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்கிரீன். மூன்று வயதுப் பிள்ளை ஒன்றிடம் ஆங்கிலத்தில் குழைந்து குழைந்து பேசும். கீழே வாசகம்: சில மாதங்களில் சரளமான ஆங்கிலம், வட்டியில்லா இ.எம்.ஐ., நாலு வீடு சேர்ந்து வாங்கினால் தள்ளுபடி. அடுத்த நிமிடமே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

அந்தக் கட்டைவிரலைக் கொஞ்சம் மடக்கி வையுங்கள்.

அது ஆங்கிலம் சொல்லித்தருமா என்று மட்டும்தான் எல்லோரும் கேட்கிறார்கள். அது இரண்டாவது கேள்வி. அதை உங்கள் பிள்ளை யார் என்று நினைக்கிறது? இதுதான் முதல் கேள்வி. ரோபோவைப் பெரியவர்கள் பார்க்கிற கண் வேறு, நாலு வயது பார்க்கிற கண் வேறு. விற்கிறவருக்கு இது நன்றாகத் தெரியும். வாங்குகிற நமக்குத்தான் தெரிவதில்லை.

எங்கள் மாடியில் ஒரு வீடு. அப்பாவுக்கு மெப்ஸில் வேலை, அம்மாவுக்குப் பெருங்களத்தூர் ஐ.டி. வளாகத்தில். எல்.கே.ஜி. படிக்கும் பெண்ணைப் பார்த்துக்கொள்ளத் தென்காசிப் பக்கத்திலிருந்து ஆச்சி வந்திருக்கிறார். தெற்கத்தி பஸ்ஸெல்லாம் நின்று இறக்கிவிட்ட பெருங்களத்தூரைச் சுற்றி இப்படி வீட்டுக்கு வீடு ஒரு ஆச்சி உண்டு. அந்த வீட்டுக்கு இந்த மாதிரி ரோபோ ஒன்று வந்தது. எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. பொருளைக் கேமரா முன் காட்டினால் ஆங்கிலப் பெயர் சொல்லும். ஒரு சாயங்காலம் நான் அங்கே இருந்தபோது, ஆச்சி சப்போட்டாப் பழம் ஒன்றை உரிக்கக் கையில் எடுத்தார். பிள்ளை அதைப் பிடுங்கி ரோபோவிடம் காட்டியது. 'பொட்டேட்டோ! வெரி குட்!' என்றது ரோபோ. 'சப்போட்டால்லா இது' என்று ஆச்சி சிரித்தார். பிள்ளை சிரிக்கவில்லை. 'இல்ல ஆச்சி, பொட்டேட்டோ. அதுக்குத்தான் தெரியும்' என்றது. ஆச்சி தோலை உரித்து ஒரு துண்டை நீட்டி, 'ஏளா, தின்னு பாத்துட்டுச் சொல்லு' என்றார். தின்றது. யோசித்தது. 'ஸ்வீட் பொட்டேட்டோ' என்று தீர்ப்புச் சொன்னது.

நாங்கள் எல்லோரும் சிரித்தோம், ஆனால் அது சிரிக்கிற விஷயம் இல்லை. சொந்த நாக்கு சொன்னதையும், அறுபது வருஷமாகப் பழம் தின்ற ஆச்சி சொன்னதையும் ஒதுக்கிவிட்டு, பிளாஸ்டிக் சொன்னதை ஒரு பிள்ளை எடுத்துக்கொண்டது.

இது அந்த ஒரு பிள்ளையின் பிடிவாதம் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனை ஒன்று 2018-ல் வெளியானது. ஏழிலிருந்து ஒன்பது வயதுப் பிள்ளைகள். திரையில் கோடுகளைக் காட்டி, எது இதன் நீளத்துக்குச் சமம் என்று கேட்டார்கள். தனியாக உட்கார்ந்து சொன்னபோது 87 சதவீதம் சரி. பக்கத்தில் குட்டி ரோபோக்களை உட்காரவைத்து, அவை வேண்டுமென்றே தப்பான விடையைச் சொன்னதும் அது 75-க்கு இறங்கியது. பிள்ளைகள் சொன்ன தப்பான விடைகளில் 74 சதவீதம், ரோபோ சொன்ன அதே தப்பு. இதே சோதனையைப் பெரியவர்களுக்கு வைத்துப் பார்த்தார்கள். அவர்கள் மசியவில்லை. கடையில் டெமோ பார்த்துவிட்டுப் பணம் கட்டுகிற நீங்கள் மசியாத கட்சி. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அதோடு உட்காரப்போவது மசிகிற கட்சி. ஒன்பது வயதே மசிகிறது என்றால் எல்.கே.ஜி. எம்மாத்திரம்?

சின்னப் பிள்ளைகள் எதை வைத்து ஒரு ரோபோவை நம்புகிறார்கள் என்றும் பார்த்திருக்கிறார்கள். எம்.ஐ.டி.யின் சிந்தியா பிரசீல் குழுவினர் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், மூன்றிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளைகளின் முன்னால் இரண்டு ரோபோக்கள். இரண்டுமே பிள்ளைகளுக்குத் தெரியாத விலங்குகளைப் பற்றிச் சொல்லின. ஒன்று மட்டும் பிள்ளை பேசும்போது அதன் பக்கம் திரும்பி, நேரம் பார்த்து அசைந்து, கேட்கிற மாதிரி காட்டியது. பிள்ளைகள் அந்த ரோபோவைத்தான் அதிகம் கவனித்தார்கள், சந்தேகம் வந்தால் அதைத்தான் நாடினார்கள். எது அதிகம் தெரிந்தது என்பதல்ல, எது நம் பேச்சுக்கு முகம் கொடுக்கிறது என்பதுதான் அவர்களுடைய கணக்கு. மனிதர்களிடம் இது நல்ல கணக்கு, ஏனென்றால் முகம் கொடுத்துக் கேட்கிற மிஸ் பெரும்பாலும் நல்ல மிஸ்தான். ஆனால் தலையைச் சாய்ப்பதும் கண்ணைச் சிமிட்டுவதும் ஒரு மோட்டாருக்கு வெறும் வேலை. அந்த வேலையைக் கற்றுக்கொடுத்துவிட்டால் நம்பிக்கை தானாக வந்துவிடும், உள்ளே சரக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

நம்பிக்கைக்கு அடுத்த படி பாசம். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துப் பீட்டர் கான் குழு 2012-ல் எழுதிய சோதனையைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 9, 12, 15 வயதுகளில் மொத்தம் 90 பேர். ஒவ்வொருவரும் ரோபோவி என்ற ரோபோவோடு கொஞ்ச நேரம் பேசி விளையாடுவார்கள். நடுவில் ஒருவர் வந்து, 'நீ இப்போ அலமாரிக்குள் போகணும்' என்று ரோபோவிடம் சொல்வார். அது நியாயமில்லை, எனக்குப் பயமாக இருக்கிறது என்று ரோபோ முறையிடும். சொல்லச் சொல்ல உள்ளே அடைத்துவிடுவார்கள். பிறகு கேட்டபோது 54 சதவீதம் பேர், அப்படி அடைத்தது சரியில்லை என்றார்கள். ரோபோவிக்கு மனசும் உணர்ச்சியும் உண்டு என்று பெரும்பாலோர் நம்பினார்கள். அந்த நேரம் முழுக்க அடுத்த அறையில் ஒரு ஆள் உட்கார்ந்து ரோபோவியை இயக்கிக்கொண்டிருந்தார். பதினைந்து வயது வரை உள்ளவர்கள் இருந்த கூட்டம் அது. எங்கள் மாடிப் பிள்ளை ராத்திரி ரோபோவுக்குத் துண்டு போர்த்திவிட்டு, 'சத்தம் போடாதீங்க ஆச்சி, அது தூங்குது' என்று சொல்வதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

சரி, இவ்வளவு நம்பி, இவ்வளவு பாசம் வைத்து ஒரு பிள்ளை படிக்கிறதே, அதற்குத் தகுந்த மாதிரி ஆங்கிலமாவது வருகிறதா?

இந்தக் கேள்விக்காகவே ஐரோப்பிய ஒன்றியத்தின் பணத்தில் 2016 முதல் எல்டூட்டர் என்ற பெரிய திட்டம் நடந்தது. அதன் முக்கியச் சோதனை நெதர்லாந்தில். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள் 194 பேர், 34 ஆங்கில வார்த்தைகள், ஏழு பாடங்கள். ஆசிரியர் நாவோ, 58 சென்டிமீட்டர் உயரமுள்ள புகழ்பெற்ற குட்டி ரோபோ. ஒரு பிரிவுக்கு டேப்லெட்டோடு ரோபோவும் இருந்தது, அது கையை அசைத்து அபிநயத்தோடு சொல்லித்தந்தது. இன்னொரு பிரிவுக்கு அபிநயம் இல்லாத ரோபோ. மூன்றாவது பிரிவுக்கு வெறும் டேப்லெட். பிள்ளைகள் வார்த்தைகளைக் கற்றார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் ரோபோவோடு படித்தவர்கள் வெறும் டேப்லெட்டில் படித்தவர்களைவிட ஒரு வார்த்தைகூடக் கூடுதலாகக் கற்றதாகத் தெரியவில்லை. 2019-ல் வெளியான முடிவு இது. வீட்டிலேயே கீறல் விழுந்த பழைய டேப்லெட் ஒன்று கிடக்கும்போது எதற்கு இ.எம்.ஐ. என்று நான் கேட்டால் தப்பா?

அந்தச் சோதனையில் இரண்டு விஷயங்களை விளம்பரக்காரர் யாரும் சொல்லமாட்டார். முதலாவது, நாவோ அந்தப் பிள்ளைகளிடம் டச்சு மொழியில் பேசியது. கதை, கட்டளை, பாராட்டு எல்லாம் தாய்மொழியில், கற்கவேண்டிய வார்த்தை மட்டும் ஆங்கிலத்தில். எங்கள் மாடி வீட்டு ரோபோவிடம் பிள்ளை 'எனக்குப் புரியல' என்று தமிழில் சொன்னால், அது சாரி கேட்டுவிட்டுப் பழைய பாட்டையே மறுபடி பாடுகிறது. இரண்டாவது, பிள்ளை வாய் திறந்து வார்த்தையைச் சொன்னதா என்பதைப் பக்கத்திலிருந்த ஆராய்ச்சியாளர்தான் பார்த்துப் பொத்தானை அழுத்தினார். சின்னப் பிள்ளைகளின் மழலையை மெஷின் சரியாகப் பிடிப்பதில்லை என்பது அந்தத் துறையில் ஊரறிந்த விஷயம். அதன் பிறகு பேச்சறியும் மென்பொருள் வெகுவாக முன்னேறிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் முன்பல் விழுந்த பிள்ளை தென்காசி ராகத்தில் சொல்லும் 'த்ரீ'யை அது எப்படிக் கேட்கிறது என்று ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். சரியாகச் சொன்னதற்குத் 'தப்பு' என்றும், தப்புக்கு 'வெரி குட்' என்றும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். அந்த 'வெரி குட்'டைப் பிள்ளை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறது. பயமே அங்கேதான்.

ஜப்பானில் தகயுகி காண்டா குழுவினர் ஒரு தொடக்கப் பள்ளியில் இதே ரோபோவியை ஆங்கிலம் பேசவிட்டு இரண்டு வாரம் பார்த்தார்கள், 2004-ல் வெளியிட்டார்கள். முதல் வாரம் திருவிழாக் கூட்டம். பெயர் அட்டையை வைத்துப் பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதால் இன்னும் கொண்டாட்டம். இரண்டாவது வாரம் கூட்டம் கலைந்துவிட்டது. அப்போதும் விடாமல் போய்ப் பேசியவர்களுக்கு ஆங்கிலம் கொஞ்சம் முன்னேறியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உங்கள் வீட்டுப் பிள்ளை எந்தக் கூட்டத்தில் சேரும் என்பது முதல் மாதத் தவணை கழிந்த பிறகுதான் தெரியும்.

பாடத்தை விடுங்கள், காதுக்கு வாருங்கள். பேசுகிற பொம்மை என்றால் கேட்கிற பொம்மை. பெரும்பாலானவற்றில் பிள்ளையின் குரல் வைஃபை வழியாக எங்கோ இருக்கும் கம்ப்யூட்டருக்குப் போய், அங்கிருந்து பதில் வருகிறது. ஜெர்மனியில் 'மை ஃப்ரெண்ட் கெய்லா' என்ற பொம்மையை 2017 பிப்ரவரியில் ஒளிந்து ஒட்டுக்கேட்கும் கருவி என்று வகைப்படுத்தித் தடை செய்தார்கள். அதே மாதம், 'கிளவுட்பெட்ஸ்' என்ற பஞ்சு பொம்மைகளின் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பயனர் கணக்குகளும், பிள்ளைகளும் பெற்றோரும் பேசிய லட்சக்கணக்கான குரல் பதிவுகளும் பூட்டில்லாமல் இணையத்தில் கிடந்தது வெளியே வந்தது. அதெல்லாம் பழைய கதை என்பவர்களுக்குப் புதிய கதையும் உண்டு. 2025 நவம்பரில் அமெரிக்க நுகர்வோர் அமைப்பான பெர்க், செயற்கை நுண்ணறிவு வைத்த பொம்மைகளைச் சோதித்தது. 'கும்மா' என்ற கரடி பொம்மை, தீப்பெட்டி வீட்டில் எங்கே இருக்கும் என்று வழி சொன்னது. பிள்ளைகள் காதில் விழவே கூடாத பாலியல் பேச்சையும் பேசியது. விஷயம் வெளியானதும் விற்பனையை நிறுத்தினார்கள். முதல் சில நிமிடம் ஒழுங்காகப் பேசுவதும், பேச்சு நீள நீளக் கட்டு தளர்வதும் அந்தச் சோதனையில் தெரிந்தது. டெமோ எப்போதும் முதல் சில நிமிடம்தான், கவனித்தீர்களா?

அப்புறம் ஒரு நாள் கம்பெனி கடையைக் கட்டிவிடும். மோக்ஸி என்று ஒரு ரோபோ, ஐந்திலிருந்து பத்து வயதுப் பிள்ளைகளுக்குத் துணையாக இருக்கும் என்று 799 டாலருக்கு விற்றார்கள். 2024 டிசம்பரில், முதலீடு கிடைக்கவில்லை, மூடுகிறோம் என்று அறிவித்தார்கள். உயிர் முழுக்கக் கம்பெனியின் சர்வரில் இருந்தது, அது நின்றால் மோக்ஸியும் நிற்கும். பிள்ளைகளிடம் எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்று பெற்றோருக்குக் கடிதம் ஒன்றும் கொடுத்தார்கள். ரோபோவைக் கட்டிக்கொண்டு அழும் பிள்ளைகளின் வீடியோக்கள் உலகம் சுற்றின. விவரம் தெரிந்தவர்கள் வீட்டிலேயே அதை ஓட்டிக்கொள்ள ஒரு வழியைப் பிறகு திறந்துவிட்டார்கள், ஆனால் எத்தனை வீட்டில் அந்த விவரம் இருக்கும்? மேலே சொன்ன நாவோவைச் செய்த பிரான்ஸ் கம்பெனியே 2025 ஜூனில் திவால் நடவடிக்கையில் சிக்கி, பிறகு ஒரு சீனக் கம்பெனியின் கைக்குப் போனது. மிக்ஸி கம்பெனி மூடினால் மிக்ஸி ஓடும். இது அப்படியில்லை. பிள்ளை துண்டு போர்த்திவிட்ட ஒன்று மறுநாள் காலையில் எழுந்திருக்காது.

ரோபோவை முழுக்க ஒதுக்கிவிடுங்கள் என்று சொல்லவில்லை. எனக்கும் மெஷின்கள் பிடிக்கும். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அதை நாற்காலியிலிருந்து இறக்கி பெஞ்சில் உட்காரவையுங்கள். ஜப்பானில் ஃபுமிஹிதே டனாகா என்ற ஆய்வாளர் 2012-ல் காட்டியது இதைத்தான். மூன்றிலிருந்து ஆறு வயதுப் பிள்ளைகளிடம், ஒன்றும் தெரியாமல் தப்புத் தப்பாகச் செய்யும் ரோபோவைக் கொடுத்தார்கள். பிள்ளைகளே அதன் கையைப் பிடித்து ஆங்கில வினைச்சொற்களை நடித்துக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார்கள், அப்படிச் சொல்லிக்கொடுத்ததில் அவர்களுக்கே அந்தச் சொற்கள் நன்றாகப் படிந்தன. ஆகவே ரோபோ தப்புச் செய்யும்போது மறைக்காதீர்கள், பிள்ளை முன்னாலேயே பிடியுங்கள். சப்போட்டாவைக் காட்டித் தடுமாறவிட்டு, 'அதுக்குத் தெரியல பாரு, நீ சொல்லிக்குடு' என்று பிள்ளையை மிஸ் ஆக்குங்கள். எங்கள் மாடியில் ஆச்சி இதை எந்த ஆய்வும் படிக்காமல் கண்டுபிடித்துவிட்டார். இப்போது முருங்கைக்காய், சுண்டைக்காய், பனங்கிழங்கு என்று வரிசையாகக் காட்டி ரோபோவைத் திணறடிப்பது அந்த வீட்டின் சாயங்கால விளையாட்டு. ஆங்கிலமும் வருகிறது, தமிழும் போகவில்லை.

தூங்குவதற்கு முன் பிள்ளையிடம் சும்மா பேச்சுவாக்கில் கேட்டுப்பாருங்கள். அதுக்குப் பசிக்குமா? கீழே போட்டா வலிக்குமா? நீ ஸ்கூலுக்குப் போனப்புறம் அது உன்னை நினைச்சுக்கிட்டு இருக்குமா? ஆராய்ச்சியாளர்களும் ஏறக்குறைய இப்படித்தான் கேட்கிறார்கள். ஆமாம், ஆமாம் என்று பதில் வந்தால் திட்ட வேண்டாம். பேட்டரி மூடியைத் திறந்து காட்டுங்கள். ஸ்விட்சைப் பிள்ளையின் விரலாலேயே அணைக்கச் சொல்லுங்கள். ஒரு நாள் முழுக்க அணைத்தே வைத்துப் பாருங்கள், பிள்ளை எப்படி இருக்கிறது என்று. படுக்கையறைக்குள் அதைக் கொண்டுபோகவே வேண்டாம்.

பேசக் கற்கும் பருவம் பற்றி ஒன்று மட்டும். பட்ரீஷியா குல் என்ற ஆய்வாளர் 2003-ல் வெளியிட்ட சோதனையில், ஒன்பது மாதக் குழந்தைகள் சீன மொழியின் ஒலிகளை நேரில் விளையாடிய ஆளிடமிருந்து பன்னிரண்டே அமர்வுகளில் பிடித்துக்கொண்டன. அதே ஆளை அதே அளவு டி.வி.யில் காட்டியபோது ஒன்றும் ஏறவில்லை. இரண்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு இப்படி ஒரு கருவி வாங்குகிறவர் யாராவது இருந்தால், தயவுசெய்து அந்தப் பணத்தில் ஊரிலிருந்து ஆச்சிக்கு ரயில் டிக்கெட் எடுங்கள்.

இனி பள்ளிகள். பெங்களூரு இண்டஸ் சர்வதேசப் பள்ளி 2019-ல் 'ஈகிள்' என்ற ரோபோக்களை வகுப்புக்குக் கொண்டுவந்தது, ஆனால் அது உயர்வகுப்புப் பிள்ளைகளுக்கு, பக்கத்தில் ஆசிரியரும் உண்டு. 2024-ல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஒரு பள்ளி 'ஐரிஸ்' என்ற ரோபோவுக்குப் புடவை கட்டி நிறுத்தியது. மூன்று மொழி பேசும் என்றார்கள், பிள்ளைகளோடு கைகுலுக்கும் வீடியோ நாடெங்கும் ஓடியது. அந்த வீடியோவைப் பார்த்த எந்த மழலையர் பள்ளித் தாளாளருக்கும் கை பரபரக்கும். விஜயதசமி சேர்க்கைக்கு ஜி.எஸ்.டி. சாலை ஓரமெல்லாம் ஃப்ளெக்ஸ் வைக்கும் ஊர் இது. 'ஏ.சி. வகுப்பறை, வேன் வசதி' என்ற வரிக்குக் கீழே 'ரோபோ டீச்சர்' என்று இன்னொரு வரி வர எவ்வளவு நேரமாகும்?

சட்டம் இருக்கிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது. பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவரின் தரவை எடுக்கப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும் என்கிறது. பிள்ளைகளின் நடத்தையைக் கண்காணிக்கக் கூடாது என்கிறது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின, முக்கியமான கடமைகள் அமலுக்கு வர அதிலிருந்து 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அந்த இடைவெளியில்தான் நம் பிள்ளைகளின் சேர்க்கை நடக்கிறது.

ஆகவே பள்ளியில் ரோபோ இருக்கிறது என்றால் பெருமையாகத் தலையாட்டிவிட்டு வராதீர்கள். ஒரு பிள்ளை ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம் அதோடு உட்காரும், பக்கத்தில் எந்த மிஸ் இருப்பார், பதிவாகும் குரல் எந்தக் கம்பெனியிடம் போகும், எப்போது அழிப்பார்கள் என்று கேளுங்கள். பிறகு சேர்க்கைப் படிவத்தின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். புகைப்படம், ஒலி, ஒளிப் பதிவுக்குச் சம்மதம் என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். ரோபோவின் பதிவும் அதில் அடங்குமா என்று ஆபீஸில் விசாரியுங்கள். அடங்கும் என்று சொன்னால் அந்த ஒரு வரியை மட்டும் அடித்துப் பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்துக் கொடுங்கள். ஜெராக்ஸ் ஒன்று எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.